கம்ப்யூட்டர் அறையில் ஒரே ஒரு நாற்காலி

தம்பி,

நேற்று நீ போனில் பேசியதை உன் அப்பாவும் பக்கத்தில் இருந்து கேட்டார். நீ வைத்ததும், "இவனுக்கு எங்கிருந்துதான் இந்தப் பொறாமை வந்துச்சோ" என்றார். நான் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான் வந்தது. உன் மூக்கும் நெற்றியும் அப்பாவுடையவை என்று பாக்கார் ஆராங்கில் எல்லாரும் சொல்வார்கள். இது மட்டும் என்னுடையது. அதனால்தான் அவரை விட்டுவிட்டு நான் எழுதுகிறேன். அதுவும் தாளில் எழுதுகிறேன், சிரிக்காதே. உங்கள் ஆபீஸில் இந்த வருடக் கடைசிக்குள் ஒரு தாள்கூட இருக்காது என்றாயே, அதற்கு முன் ஒன்று உன் கைக்கு வரட்டும்.

நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பார். ஆபீஸில் பழைய ஃபைல்களை எல்லாம் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அந்த வேலையை உனக்குப் பின்னால் வந்த ஹேமாவிடம் கொடுத்துவிட்டார்கள். எந்த ஃபைல் எதோடு சேர்ந்தது, எதில் என்ன தப்பு என்பது உனக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது. "நான் ஏன்மா சொல்லணும், அவளே கண்டுபிடிக்கட்டும்" என்றாய். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் புதிதில்லை. ஏனென்றால் நானும் இதே வார்த்தையை, இதே விஷயத்துக்காக, மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், எண்பதுகளின் நடுவில், சுங்கைப் பட்டாணியில்.

நான் அப்போது ஒரு தோட்டக் கம்பெனியின் வட்டார ஆபீஸில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் மட்டுமில்லை, எங்கள் தோட்டத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். உன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து, "மக பெரிய ஆபீஸ்ல இருக்கா" என்பார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது. எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கும். நான் கார்டு அறையில் இருந்தேன். கம்பெனியின் தோட்டங்களில் வேலை செய்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மஞ்சள் அட்டை. பெயர், அப்பா பெயர், எந்த லயத்து வரிசையில் எந்த வீடு, எப்போது வேலைக்குச் சேர்ந்தார் எல்லாம் அதில் இருக்கும். மர இழுப்பறைகளில் தோட்டம் தோட்டமாக அடுக்கியிருக்கும். மேனேஜர் ஒரு பெயரைச் சொன்னால் அவர் அடுத்த வாய் காப்பி குடிப்பதற்குள் நான் கார்டை எடுத்துக் கொடுத்துவிடுவேன். நான் வாய் திறந்து பேசவேண்டிய அவசியமே வராத வேலை. அதனால்தான் அது எனக்குப் பிடித்திருந்தது.

சரோஜா டைப்பிஸ்ட். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தவள், என் வயதுதான். அவள் பேசாத நேரம் கிடையாது. கேன்டீன்காரரிடம் மலாயில் பேசுவாள், மேனேஜரிடம் இங்கிலீஷில் தப்பும் தவறுமாகப் பேசுவாள், தப்பாகப் பேசுகிறோமே என்ற கவலை துளியும் கிடையாது. எனக்கு அவள் வைத்த பெயர் டிகிரி. "டிகிரி, கேன்டீனுக்கு மக்கான் வரலியா?" "டிகிரிக்கு இன்னிக்கு மூடு சரியில்ல லா." வேன் ஓட்டும் மாரியப்பன் அண்ணனும் அவளைப் பார்த்து அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் அவள் மேனேஜர் அறைக்குள் போய், நின்றபடியே ஏதோ சொல்லி, அவர் சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரியும்போது, எனக்கு நெஞ்சுக்குள் எறும்பு கடித்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வருகிறது. கார்டில் இருப்பதெல்லாம் அதற்குள் போய்விடும். அதன்பிறகு கார்டு அறையை மூடிவிடுவார்கள். கம்ப்யூட்டர் அறையில் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளைப் பினாங்குக்கு அனுப்பிப் பயிற்சி கொடுப்பார்கள். இதற்கு மேல் அதில் எழுதவில்லை. ஆனால் கார்டு அறை மூடினால் கார்டு அறைக்காரி எங்கே போவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பண்டார் பாரு பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீஸில் ஆள் குறைவாக இருந்தது. கெடா மாநிலத்தின் அந்தக் கடைசிக்கு. தோட்டத்திலிருந்து படித்து வெளியே வந்தவள் திரும்பவும் தோட்டத்துக்கு.

அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். படித்தவள் நான்தான், கார்டுகளை அறிந்தவளும் நான்தான். அதனால் கூப்பிடுவார்கள் என்று என் இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். சரோஜா காத்திருக்கவில்லை. நோட்டீஸைப் படித்து முடித்ததும் நேராக உள்ளே போய்க் கேட்டுவிட்டாள். "சார், எனக்குக் குடுங்க லா, நான் கத்துக்குவேன்" என்றாளாம். அவளே வந்து சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாரம் அவள் பினாங்கு பஸ் ஏறினாள். நான் அவளுக்குக் கையசைத்தேன். என் கை அசைந்தது, அவ்வளவுதான்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தஞ்சோங் டாவாய்க்குப் போனோமே, உனக்கு ஞாபகம் இருக்காது. மீன் வாங்கப் போன இடத்தில் படகுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்று வாய்வரை ஒரு சுற்று வருகிறேன் என்றார். இடம் போதாததால் முதலில் உன் பெரியப்பா மகனை ஏற்றினார்கள். நீ மரப்பாலத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். உன் முறை வந்து கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. "எனக்கு வேணாம், எனக்கு அது பிடிக்காது" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் வந்த மாதங்களில் நான் அந்த முதுகோடுதான் ஆபீஸுக்குப் போய்வந்தேன்.

அந்த அறைக்குத் தனிக் குளிர்சாதனம் போட்டார்கள். தூசி போகக்கூடாது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கண்ணாடிக் கதவு. உள்ளே சரோஜா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆபீஸில் மற்ற எல்லாரும் மின்விசிறிக்குக் கீழே கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்போம். திரையில் பச்சை எழுத்து ஓடும். நான் கார்டுப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைக்கும் சாக்கில் அவள் விரல்களையே பார்ப்பேன். எதை அமுக்கினால் அடுத்த பக்கம் வருகிறது, எதை அமுக்கினால் அழிகிறது என்று பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஆசையாக ஒன்றைக் கற்றுக்கொள்பவள் இப்படித்தான் பார்ப்பாள். நான் ஆசையில் பார்க்கவில்லை, எரிச்சலில் பார்த்தேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கார்டுகளில் மையால் எழுதியவையும் இருக்கும், பென்சிலால் எழுதியவையும் இருக்கும். மையில் இருப்பது ஆர்டர் வந்த விஷயம். தோட்டத்தை நடத்தும் துரை வாயால் சரி என்று சொல்லி, கடிதம் இன்னும் வராத விஷயத்தை அங்கே கணக்கு எழுதும் கிராணி பென்சிலில் குறித்து அனுப்புவார். கடிதம் வந்ததும் மையில் எழுதவேண்டும். ஆனால் அந்தக் கடிதங்கள் வரவே வராது. கேட்பவரும் கிடையாது. அதனால் தோட்டத்தில் நிஜமாக நடப்பது பாதிக்கு மேல் பென்சிலில்தான் இருந்தது. முக்கியமாக வீடு. லயத்து வீடு கணவன் பெயரில் இருக்கும். அவன் இறந்துபோய் மனைவி தொடர்ந்து மரம் சீவினால், துரை தலையாட்டிவிடுவார், கிராணி அவன் கார்டின் மூலையில் "காலமானார், வீடு மனைவிக்கு" என்று பென்சிலில் குறிப்பார். அத்தோடு முடிந்தது. அவள் அந்த வீட்டிலேயே பிள்ளைகளை வளர்ப்பாள். ஆபீஸில் யாருக்கும் இதில் சந்தேகம் வந்ததில்லை, ஏனென்றால் கார்டை எடுப்பவள் நான், நான் பென்சிலைச் சேர்த்துத்தான் படிப்பேன்.

பினாங்கிலிருந்து வந்த பயிற்சிக்காரர் சரோஜாவிடம், மையில் இருப்பதை மட்டும் அடி, பென்சில் வேண்டாம், அது யாரோ கிறுக்கியது என்றார். அப்போது நான் கதவருகே பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரோஜா தலையாட்டினாள். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கார்டுகள் எல்லாம் ஏறி முடிந்ததும் முதல் பட்டியல் அச்சாகி வந்தது. இரண்டு ஓரத்திலும் துளை போட்ட அகலமான தாள், மடிப்பு மடிப்பாக. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமல், வேலைக்கு வராமலே வீட்டை வைத்திருப்பவர்கள் யார் என்று மேனேஜர் கேட்டிருந்தார், வீட்டைக் காலிசெய்யச் சொல்லி ஆர்டர் போடுவதற்கு. மறுநாள் காலை மாரியப்பன் அண்ணன் வேனில் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தாளை மடித்து உறையில் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மடிக்கும்போது பார்த்தேன். செத்துப்போனவர்கள் வரிசையாக இருந்தார்கள். எங்கள் தோட்டத்து மனிதர் ஒருவர், அவர் அடக்கத்துக்கு நான் போயிருக்கிறேன், அவர் வேலைக்கு வராததால் வீட்டைக் காலிசெய்யவேண்டும் என்று போட்டிருந்தது.

பொய் சொல்ல மாட்டேன், தம்பி. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். தொண்டைக்குள் இனிப்பாக ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. இது தோட்டங்களுக்குப் போனால் என்ன நடக்கும் என்று கண்முன்னே தெரிந்தது. மாரியப்பன் அண்ணன், "கல்லறைக்கா நோட்டீஸ் குடுக்கிறது, அவங்க கையெழுத்துப் போடுவாங்களா" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். யூனியன்காரர்கள் வருவார்கள். மேனேஜர் சரோஜாவைக் கூப்பிடுவார், அவள் நின்றபடி எதைச் சொன்னாலும் அவர் சிரிக்கமாட்டார். நாற்காலி காலியாகும். நான் ஒன்றுமே செய்யவேண்டாம். உறையில் போட்டு ஒட்டினால் போதும்.

ஒட்டவும் ஆரம்பித்தேன். அப்புறம் பட்டியலின் அடியில் ஒரு வரி கண்ணில் பட்டது. வீட்டு விவரம் எல்லாம் கார்டுகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று அச்சாகியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாளைக்கு எல்லாரும் கார்டு தப்பு என்பார்கள். என் கார்டுகள் தப்பே இல்லை. அந்த வீடுகளில் இருக்கும் பெண்களை நினைத்து நான் எழுந்தேன் என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. அவர்கள் நினைவு வந்தது, அது கொஞ்சம் பிறகு. முதலில் எழுப்பிவிட்டது, என்னுடைய ஒன்றை அவள் கெடுத்துவிட்டாள் என்கிற கோபம்தான்.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன்.

"என்னா டிகிரி, செருப்பக் கழட்டு லா. மெஷினுக்குத் தூசி ஆகாது."

"இந்த ஆளு செத்துட்டாரு," என்றேன். தாளைக் காட்டினேன். "இவரும். இந்தப் பக்கத்துல பாதிப் பேரு."

அவள் பக்கத்தில் இருந்த கார்டை எடுத்துப் பார்த்தாள். "கார்டுல அப்படி இல்லியே."

"இருக்கு. பென்சில்ல."

"பென்சில் வேணாம்னு அவரு சொன்னாரே. நீயும் அங்கதான நின்ன?"

"நின்னேன்."

"கேட்டுக்கிட்டு சும்மாவா இருந்த?"

"ஆமா."

"ஏன்?"

"அந்த நாற்காலிக்குத்தான்," என்றேன்.

அவள் திரும்பி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். "இதுக்கா? குஷன்கூடக் கிழிஞ்சிருக்கு, பாரு." சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பிறகு எழுந்துபோய் வேன் சாவி மாட்டியிருக்கும் ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். "நாளைக்கு அண்ணன் எங்கயும் போகமாட்டாரு. உட்காரு. படி."

உட்கார அங்கே இன்னொரு நாற்காலி கிடையாது. கார்டுப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். நான் பென்சிலைப் படிக்க, அவள் அடித்தாள். மறுநாள் காலை மாரியப்பன் அண்ணன் வந்து ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருமா என் சாவிக்குக் கால் முளைக்க வச்சது" என்று கத்தினார். சரோஜா உள்ளேயிருந்து, "அண்ணே, இன்னிக்கு உங்களுக்குச் சூத்தி. போய்த் தே தாரிக் குடிங்க" என்றாள். லீவு என்றதும் அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். அன்று முழுக்கப் படித்தோம். எனக்குக் குளிரில் பல் அடித்தது. ஒரு கட்டத்தில் அவள் ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் எறிந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

திருத்திய பட்டியலோடு இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். சரோஜா தன் தப்பை மறைக்கவில்லை. தப்பாக வந்தது, இவள்தான் கண்டுபிடித்தாள், இவள் படிக்க நான் அடித்தேன் என்றாள். நான் முன்பே தெரிந்து சும்மா இருந்ததை மட்டும் சொல்லவில்லை. மேனேஜர் சீனர், நல்ல மனிதர், அவசரக்காரர். என்னைப் பார்த்து நன்றி என்றார். அதோடு நான் வெளியே வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது, அது யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். "சாயா பூன் மாவு, டுவான்," என்றேன். எனக்கும் வேண்டும். கம்ப்யூட்டர் அறை எனக்கும் வேண்டும். சரோஜா என் பக்கத்தில்தான் நின்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதை நோட்டீஸ் ஒட்டிய அன்றே கேட்டிருக்கக்கூடாதா என்றார். இப்போது முடிந்துவிட்டது என்றார். அவர் சொன்னது சரிதான்.

வெளியே வந்ததும் சரோஜா சொன்னாள்: "பின்னால போய்க் கேக்காம என்னை வச்சுக்கிட்டே கேட்ட. அதுக்காக உன்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா கொஞ்ச நாளைக்கு உன்கூடப் பேசமாட்டேன்." சொன்னபடியே பேசவில்லை. நான் கார்டு அறையைக் காலிசெய்து, மாரியப்பன் அண்ணன் வேனிலேயே பெட்டியை ஏற்றிக்கொண்டு பண்டார் பாருவுக்குப் போனபோதும் அவள் வெளியே வரவில்லை. உன் தாத்தாவிடம் பதவி உயர்வு என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் தோட்டத்தில்தான் உன் அப்பாவைப் பார்த்தேன், அது வேறு கதை, நீ கேட்டுச் சலித்தது. உனக்குச் சொல்லாதது இதுதான். மாதாமாதம் சரோஜாவின் பட்டியல் எங்களுக்கு வரும். அச்சு அவ்வளவு அழகாக, ஒரே நேர்கோட்டில் இருக்கும். அதைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எரியும். நான் தோட்டத்தில் மாறியதை எல்லாம் ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புவேன். அடுத்த மாதம் அது சரியாக அச்சாகி வரும். ஒரு வரி கடிதம் கிடையாது, நலமா என்ற கேள்வி கிடையாது. கல்யாணமானேன், உன் அக்கா பிறந்தாள், எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. எவ்வளவு தூரத்தில் இருந்தேனோ அவ்வளவு பெரிதாக அவள் தெரிந்தாள். என் மனதில் அந்தக் குளிர் அறை வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போனது.

எண்பதுகளின் முடிவில் ஒருநாள், தோட்டத்து ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று ஒரு பேச்சு வந்தது. வெறும் பேச்சுதான், நோட்டீஸ்கூட வரவில்லை. அன்றே துரையின் அறைக்குப் போய், அது வந்தால் எனக்கு வேண்டும் என்றேன். இரண்டாம் தடவை கேட்பது முதல் தடவையைவிடச் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சுலபமாக இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கே கொடுத்தார்கள்.

கற்றுக்கொடுக்க வட்டார ஆபீஸிலிருந்து வேனில் வந்து இறங்கியது சரோஜா. உடம்பு போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். "டிகிரி, இங்க ஏர்கோன் இல்லியா லா?" என்றாள், நேற்றுப் பேசி விட்ட மாதிரி. இரண்டு நாற்காலிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போட்டு உட்கார்ந்தோம். அவள் விரல் ஓடும் வேகத்துக்கு என் கண்ணே ஓடவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, முன்னைவிட அதிகமாகக்கூட இருந்தது. ஆனால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, அவளும் தப்பான விசையை அமுக்கி உதட்டைக் கடிப்பது தெரிந்தது. நான் கேட்டால் திரும்பவும் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டினாள். பொறாமையை வைத்துக்கொண்டே வேலையைக் கற்றுக்கொள்ள முடிந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றபோது அதை வைத்துக்கொண்டு மட்டும்தான் இருக்க முடிந்தது.

அதனால் உன் அப்பா சொல்கிற மாதிரி பொறாமைப்படாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அது போகாது, தம்பி. எனக்குப் போகவில்லை. நீ விவரமாகச் சொன்னாயே, ஹேமா கையில் இருக்கும் அந்தப் புது ஏற்பாட்டை, அதைக் கேட்டபோது எனக்கே அந்தப் பெண்மேல் கொஞ்சம் பொறாமை வந்தது. உனக்குத் தெரிந்ததை அவளிடம் சொல். சொன்னால் அந்த வேலை உனக்குக் கிடைத்துவிடும் என்று நினைக்காதே, எனக்குக் கிடைக்கவில்லை. உனக்கும் வேண்டும் என்றால் உன் மேலதிகாரியிடம் போய்க் கேள், அவள் இருக்கும்போதே கேள். அவள் சில நாள் உன்னோடு பேசாமல் இருப்பாள். இருக்கட்டும்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் உன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் மேசைக்குப் பக்கத்தில் போடு. மற்றதை உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா